கங்காராம் காம்ப்ளே கடையில் யார் டீ குடித்தார்கள்?

ஏற்காட்டுக்குப் போனவர்களுக்கு ஒண்டிக்கடை தெரியும். மலையின் நடு முக்கு அது. இன்று அங்கே சுற்றிலும் கடைகள்தான். பெயர் மட்டும் ஒண்டியாக நின்ற ஒரு கடையைச் சொல்கிறது. வேறு கடை இல்லாத இடத்தில் ஒரு கடைக்கு ஆள் தானாக வரும். ஆனால் கடைக்காரர் நம்மில் ஒருவராக இருந்தால்? அப்போதும் வருவார்களா?

டீக்கடையும் சாதியும் என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் வருவது இரட்டைக் குவளை. அந்தக் கதையில் நாம் எப்போதும் வாடிக்கையாளர். கடைக்கு வெளியே, தனிக் குவளையோடு நிற்பவர். நாமே கல்லாவில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். அவர் பெயர் கங்காராம் காம்ப்ளே.

கோலாப்பூர் சமஸ்தானத்தில் அரண்மனை லாயத்தில் வேலை பார்த்தவர் கங்காராம். மகர் சாதியில் பிறந்தவர். மராத்தா வேலைக்காரர்களுக்கான தண்ணீரைத் தொட்டார் என்பதற்காக அவரை அடித்தார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது.

சமஸ்தானத்தின் அரசர் சாகு மகராஜ். 1902 ஜூலை 26 அன்று அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு 50 விழுக்காடு ஒதுக்கி ஆணையிட்டவர். அடித்தவர்களை அவர் தண்டித்தார். அதோடு விடவில்லை. கங்காராமை அரண்மனை வேலையிலிருந்து விடுவித்து, சொந்தத் தொழில் செய்யச் சொல்லி உதவினார். கங்காராம் கோலாப்பூர் நகரத்துக்குள்ளேயே ஓட்டல் திறந்தார். வைத்த பெயர் 'சத்திய சுதாரக்'.

கடை சுத்தம், டீ நல்ல டீ. ஆனால் ஆள் வரவில்லை. யார் போட்ட டீ என்பது ஊருக்கே தெரியும். யாரும் கல்லெறியவில்லை, யாரும் திட்டவில்லை. சும்மா கடந்து போனார்கள். ஒரு கடையை மூட அது போதும்.

விஷயம் சாகு மகராஜுக்குப் போனது. அவர் தன் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, ஊர் பார்க்க கங்காராம் கையால் டீ வாங்கிக் குடித்தார். உடன் வந்தவர்களையும் குடிக்க வைத்தார். மனுவோடு கையெழுத்துக்கு வந்தவர்களுக்கும் அங்கேயே டீ வரும். ராஜாவிடம் வேலை ஆக வேண்டும் என்றால் கோப்பையைத் தள்ள முடியுமா?

இந்தக் கதையை ராஜாவின் பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நாம் அங்கே நிறுத்தக் கூடாது. கங்காராம் அதன் பிறகு யாராக ஆனார் என்று பாருங்கள். கூலிக்கு யார் கையையும் எதிர்பார்க்காத மனிதர், கோலாப்பூர் தலித் மக்களின் பொது வாழ்வில் முன்னணிக்கு வந்தார். 1922இல் சாகு மகராஜ் இறந்த பின் அவருக்கு எழுந்த முதல் நினைவுச் சின்னம் அரண்மனைப் பணத்தில் எழவில்லை. கங்காராம் முன்னின்று, தலித் மக்களின் காசில் எழுப்பினார். சொந்தக் கல்லா ஒரு மனிதருக்குச் சொந்தக் குரலைக் கொடுத்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் நுழையும் உரிமையை நமக்குத் தந்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டமும் இருக்கிறது. ஆனால் பேசாமல் கடந்து போகிறவரை எந்தச் சட்டத்தால் பிடிக்க முடியும்?

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் என்ன நடந்தது? பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ராஜா காலத்து வைத்தியத்தையே குடியாட்சியிலும் செய்ய வேண்டியிருக்கிறதே!

கல்லாவில் நடப்பதுதான் நாற்காலியிலும் நடக்கிறது. மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனையும் உடன் சென்ற தோழர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். நாம் வாங்கினால் பொறுப்பார்கள், வாக்களித்தால் பொறுப்பார்கள். நாம் விற்பதும் நாம் தலைமை தாங்குவதும்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அதனால் தோழர்களே, கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, இரட்டைக் குவளையை உடைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு உங்கள் ஊரிலேயே கணக்கெடுங்கள். பேருந்து நிலையத்தில் நம்மவர் நடத்தும் உணவகம் எத்தனை? ஊராட்சிக் கடைகளின் ஏலத்தில் யார் பெயருக்குக் கடை போகிறது? நம்மவர் கடை போட்டால் பெயர்ப் பலகையில் சொந்தப் பெயரை எழுதத் துணிகிறாரா? எழுதினால் யார் வருகிறார்கள்?

கங்காராம் கடைக்கு ஒரு ராஜா வந்தார். நம் கடைக்கு ஊர் வரவேண்டும். அதுவரை, முதல் வாடிக்கையாளராக நாம் போவோம்; கூடவே மற்ற சாதி நண்பர்களையும் அழைத்துப் போவோம்.

ஜெய் பீம்.