கூரைக்கு மானியம் வந்த கதை



வீட்டு மாடியிலே சூரியத் தகடு மாட்டிக் கரண்டு எடுத்தால் அரசாங்கம் மானியம் தருகிறது என்ற சேதி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. "3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயாமே, நிறுத்திப்புடறதுக்குள்ளே வாங்கிப்புடணும்" என்று பறக்கிறவர்கள் உண்டு. "சும்மா யாராவது பணம் கொடுப்பாங்களா, இதிலே என்னமோ இருக்கு" என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. இந்த மானியம் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் இரண்டு பேருக்கும் உதவும்.

வெயிலைக் கரண்டாக்கும் சிலிக்கான் தகட்டை 1954-ல் அமெரிக்காவிலே பெல் ஆய்வுக்கூடத்தார் செய்து காட்டினார்கள். தகட்டின்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் கரண்டாக மாறியது. விலையோ யானை விலை. அதனால் 1958-லிருந்து அது வானத்திலே சுற்றும் செயற்கைக் கோள்களுக்குத்தான் போயிற்று. வீட்டுக் கூரைக்கு அதை வாங்க யாரால் முடியும்?

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஜப்பான் நாட்டுக்கு அது பெரிய அடி. அங்கே மண்ணுக்கடியில் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் கிடையாது, எல்லாம் கப்பலில் வரவேண்டும். அடுத்த வருஷமே சூரிய சக்தி ஆராய்ச்சிக்கென்று தனித் திட்டம் போட்டார்கள். இருபது வருஷம் ஆராய்ச்சி நடந்தபிறகு, 1994-ல் குடும்பத்தாருக்கு மானியம் ஆரம்பித்தார்கள். அப்போது ஒரு கிலோவாட் போட ஏறக்குறைய 20 லட்சம் யென் செலவு. அதில் பாதி வரைக்கும் அரசு ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு சூட்சுமம் பாருங்க. தென்னங்கன்று நட்டதும் வெயில் தாக்காமல் ஓலை மறைப்புக் கட்டுகிறோம். கன்று வேர் பிடித்து நிமிர நிமிர மறைப்பைத் தளர்த்தி, பிறகு பிரித்தே போடுகிறோம். ஜப்பான்காரர் செய்ததும் அதுதான். தகட்டின் விலை இறங்க இறங்க மானியத்தையும் குறைத்துக்கொண்டே வந்து, 2005-ல் நிறுத்தினார்கள். அதற்குள் விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மறைப்பைக் கொஞ்சம் சீக்கிரம் பிரித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. புதிதாகப் போடுகிறவர்கள் குறைந்துபோய், 2009-ல் மறுபடி மானியம் கொடுக்கவேண்டி வந்தது.

அதே 2009 நவம்பரில் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். வீட்டுத் தேவை போக மிஞ்சும் கரண்டை யூனிட் 48 யென் விலைக்குப் பத்து வருஷம் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். கடையில் வாங்கும் விலையைவிட விற்கும் விலை அதிகம்! ஜெர்மனியிலும் 2000-ஆம் ஆண்டிலே இதுபோல 20 வருஷத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இந்த நாடுகள் கொட்டிய பணமும், பின்னால் சீனாவிலே எழும்பிய தொழிற்சாலைகளும் சேர்ந்துதான் தகட்டின் விலையை இன்றைய நிலைக்கு இறக்கின. அந்தப் பலன் நம்ம கூரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, பத்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் என்ன ஆயிற்று? 2019 நவம்பரில் முதல் ஒப்பந்தங்கள் தீர்ந்தன. 48 யென் வாங்கிய இடத்தில் 7, 8 யென்னிலிருந்து பத்துச் சொச்சம் வரைதான் கேட்டார்கள். விற்பனையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனால் தகடு என்னவோ கூரையிலே நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கரண்டை 8 யென்னுக்கு விற்பானேன், அதையே வீட்டில் செலவழித்தால் வெளியிலே 20 யென்னுக்கு மேல் கொடுத்து வாங்குவது மிச்சமாகுமே என்று பல குடும்பங்கள் கணக்குப் போட்டன. பகலிலேயே வெந்நீர் போட்டு வைப்பது, பாட்டரியிலே தேக்கி ராத்திரிக்கு எடுத்துக்கொள்வது என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். மத்திய அரசு 1982-ல் மரபுசாரா எரிசக்திக்கென்று தனித் துறை ஏற்படுத்தியது. அந்தக் காலத்திலே கிராமத்துக்கு முதலில் வந்தது சாண எரிவாயு மானியம்தான். மானியம் வாங்கித் தொட்டி கட்டினோம். பழுது பார்க்க ஆளில்லாமலும், மாடு குறைந்துபோயும் எத்தனையோ தொட்டிகள் வறண்டு கிடந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2011-ல் பசுமை வீடு திட்டம் வந்தது. 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகள். அந்த மாதிரி விளக்கிலே தகடு வருஷக்கணக்காக உழைக்கும், முதலில் சாவது பாட்டரி.

கரண்டை மின்வாரியத்தின் கம்பியோடு இணைக்கும் முறைக்கு 2015 கடைசியில் மத்திய அரசு 30 சதவீத மானியம் ஒதுக்கியது. 2022-க்குள் நாடு முழுவதும் கூரைகளில் 40,000 மெகாவாட் என்பது குறி. அந்த வருஷம் முடியும்போது கால்பங்கு கூட வரவில்லை. இடையில் 2019-ல் மானியத்தை 3 கிலோவாட் வரை 40 சதவீதம் ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000, 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். முதல் இரண்டுக்கு அரசு போட்ட கணக்கு விலையிலே இது 60 சதவீதம். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்தார்கள்.

ஜப்பானில் மானியம் இறங்கியது, இங்கே ஏறியிருக்கிறது. ஏன்? நம்ம வீட்டுக் கரண்டு விலையை அரசு ஏற்கெனவே தாங்கிப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாயப் பம்புசெட்டுக்குக் கட்டணமில்லை. 2016-லிருந்து வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆயிற்று. பில் சின்னதாக இருக்கும்போது தகட்டை யார் தேடுவார்கள்?

அதனால் உங்கள் வீட்டுக் கரண்டுச் சீட்டை எடுத்துப் பாருங்க. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, 100 யூனிட்டுக்குள் முடிகிறது என்றால், தகட்டால் உங்களுக்கு மிச்சமாகப் போவது ஒண்ணும் இல்லே. மானியம் போகச் செலவழிக்கும் கைக்காசும் வீண்தான். 450 யூனிட் ஓடுகிற வீடு என்றால் கதை வேறு. ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாசத்தில் 240 யூனிட் தரும். 450 என்பது 210-க்கு இறங்கும். நம்ம கட்டணம் படிக்கட்டு மாதிரி, மேல்படி யூனிட்டுக்கு விலை அதிகம். தகடு முதலில் வெட்டுவது அந்த மேல்படியைத்தான்.

3 கிலோவாட்டுக்கு அரசுக் கணக்கு விலை 1,45,000 ரூபாய். மானியம் போக 67,000. கம்பெனிக்காரர் கூடவும் கேட்கலாம். வருஷத்துக்கு 4,300 யூனிட் சுமாராக வரும். அத்தனையும் உங்களுக்குப் பயன்பட்டு, யூனிட்டுக்கு 5 ரூபாய் மிஞ்சினால் போட்ட பணம் மூன்று நாலு வருஷத்தில் திரும்பும். தகட்டுக்கு 25 வருஷ உத்தரவாதம் கொடுக்கிறார்கள். நடுவிலே இன்வர்ட்டரை ஒரு தடவையாவது மாற்றவேண்டி வரும். அந்தப் பணத்தை இப்போதே மனசிலே ஒதுக்கி வையுங்க.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாட்டரி இல்லாமல் கம்பியோடு இணைத்த தகடு, ஊரிலே கரண்டு போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலானாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம்ம கரண்டு பாயக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கரண்டு தடை அடிக்கடி வரும் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்க.

ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி, நிழல் விழாத இடம் வேணும். தென்னை மட்டையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி குறையும். மானியம் இந்தியாவிலே செய்த தகட்டுக்கு மட்டும்தான். மாட்டிக் கொடுப்பவர் ஐந்து வருஷம் பராமரிக்கவேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதை வாய்ச்சொல்லாக விடாமல் காகிதத்தில் எழுதி வாங்கி, பத்திரத்தோடு பத்திரமாக வையுங்க.