மட்டக்களப்பு வாவியின் இரு ஊரிகள்

1848 செப்டெம்பரில், இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் எமேர்சன் ரெனன்ற், நிலவெழுந்தபின் மட்டக்களப்புக் கோட்டையருகே படகேறி வாவியின் இசையைக் கேட்டார். படகுப் பலகையிற் செவி வைத்தபோது ஒலி மிகுந்தது. அஃது ஊரியின் குரலென்றே மீனவர் ஒருமுகமாகக் கூறினர். தேடிவரப் பணித்தபோது அவர்கள் உயிருடன் கொணர்ந்தவை பெரும்பாலும் லிற்றோறினா, செரித்தியம் என்னும் இருவகை நத்தைகளே. முன்னது குறுகித் திரண்ட ஓடுடையது. பாறைகளிலும் கண்டல் மரங்களிலும் நீர்விளிம்பை ஒட்டி வாழ்வது. பின்னது கோபுரம்போல் நீண்ட ஓட்டுடன் சேற்றில் ஊர்வது. ஒலி நீரடியிலிருந்து எழுந்ததாயின் பின்னதையே ஐயுறல் பொருந்தும். 1859இல் வெளியான தம் நூலில், ஒலிப்பது மெல்லுடலியாயிருக்கலாம் எனக் கருதிய ரெனன்ற், எந்த ஊரி என்று பிரித்துரைத்தாரில்லை. மீன்பிடிப்போரே ஊரி என்றுரைத்திருந்தும், மட்டக்களப்புக்கு வாய்த்த பெயர் 'மீன்பாடும் தேன்நாடு'.