கீழ்வங்கத்தின் தென்னாட்டுப் பாண்டவர்

இருப்புப்பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தனுக்கு என்ன வேலை என்று நம் சங்கத்து அன்பர்கள் என்னை நகையாடுவதுண்டு. தாயகம் செல்வோர்க்கு முன்பதிவுச் சீட்டு வழங்குதலே என் தொழில். சென்ற ஆண்டு ஒருநாள், எண்பதைக் கடந்த வங்க முதியவர் ஒருவர் என் சாளரத்தின்முன் வந்து நின்று, என் பேச்சைக் கேட்டு, "மதராஸியா?" என வினவினார். ஆமென்றேன். உடனே அவர் விரல் மடக்கி, "வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே" என்று ஐந்து பெயர்களை மந்திரம்போல் ஓதினார். வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அன்று மாலை அவர் வாய்மொழியாகக் கேட்டதும் பின்னர் நூல்களில் கற்றதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

கல்கத்தாவில் ஜோராபாகான் அணியினர் கீழ்வங்கத்து ஆட்டக்காரரான சைலேஷ் போஸ் என்பாரை ஆட்டத்தினின்று நீக்கினர். அதனைப் பொறாது வெளியேறிய சுரேஷ் சந்திர சௌதுரி முதலானோர் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் நிறுவியதே ஈஸ்ட் பெங்கால் கழகம். பெயரிலேயே ஒரு மனக்குறை உறைந்திருந்தது என்க. 1947-இல் நாடு பிரிந்தது. கீழ்வங்கம் பாகிஸ்தானாயிற்று. அங்கிருந்து வந்தோர்க்குச் சியால்தா நிலையத்தின் நடைமேடைகளே வீடாயின. இரயில்வேயில் உழைப்பவன் என்ற முறையில் அந்நடைமேடைகளை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கும். ஊர் போயிற்று, ஊரின் பெயர் ஒரு பந்தாட்டக் கழகத்தின்மேல் எஞ்சி நின்றது.

அவ்வகதிகளுள் ஒரு பகுதியினர் 1949-இல் கப்பலேறி, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நம் போர்ட் பிளேரில் வந்திறங்கினர். தந்தையின் தோள்மீது இறங்கிய சிறுவரே மேற்சொன்ன முதியவர். கல்கத்தாக் கப்பல் வரும் நாளில் பழைய செய்தித்தாள் கிட்டுமாம். எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க, காடு வெட்டிக் களைத்தவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்களாம். அரிசி விலைக்கு முன்னே பந்தாட்டத்தைப் படிக்கச் சொல்வார்களாம்!

அவ்வாண்டு படிப்பதற்கு நிறையவே இருந்தது. கழகச் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா தென்னாட்டில் ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்தவர். வலக் கோடியில் பெங்களூர் வெங்கடேஷ், அவரை அடுத்துக் காக்கிநாடா அப்பாராவ், நடுவே தன்ராஜ், அவர்க்கு இடப்புறம் பெங்களூர் அகமது கான், இடக் கோடியில் கேரளத்துச் சாலே. அக்காலத்து முறைப்படி முன்னணியில் நிற்போர் ஐவர், அவ்வைவரும் தெற்கத்தியர். இவர்களுள் அப்பாராவ் 1941-லேயே கழகம் புகுந்த மூத்தவர். தன்ராஜும் அகமது கானும் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவில் இருந்தவர்கள். அங்கே வெறுங்காலுடன் ஆடிய நம்மவரைக் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். அகமது கான் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுசெல்லும் திறங்கண்டு அவரைப் 'பாம்பாட்டி' என்றே அழைத்தனர்.

1949-இல் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக்கை வென்றது. பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையையும் வென்றது. ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது மோகன் பாகான். 1911-இல் வெள்ளையர் படையணியை வென்று அதே கேடயத்தைப் பெற்ற பெருங்கழகம் அது. அதனை 2-0 என்ற கணக்கில் வீழ்த்தினர். ஓராண்டில் மூன்று பரிசுகள்! 1950, 1951 ஆகிய ஆண்டுகளிலும் கேடயம் அவர்களிடமே தங்கியது. ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் கல்கத்தாவில் இலீஷ் மீனுக்கு விலை ஏறும் என்பர்.

வங்க மக்கள் இவ்வைவர்க்கும் 'பஞ்ச பாண்டவர்' எனப் பட்டம் சூட்டினர். ஐவருள் இருவர் இசுலாமியர். ஒருவரும் வங்காளியர் அல்லர். பிரிவினைப் புண் ஆறாத அந்நாளிலே, வீடிழந்து வந்த மக்கள் அப்பெயரை மனமுவந்து சூட்டினர் என்பதை நான் வெற்றிகளினும் மேலாக மதிக்கிறேன். இவர்களைத் தமிழரென்று உரிமை கொண்டாட நம்மவர் சிலர் முந்துவர், அது வேண்டா. தென்னாட்டார் என்ற அளவோடு மகிழ்வோம்.

இதனை நான் எழுத முனைந்தமைக்குக் காரணமும் உண்டு. இவ்வாண்டு நம் காலனி இளைஞர் அணியில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே இடம்பெற வேண்டும் என்றொரு பேச்சு எழுந்துள்ளது. அண்டை வீட்டு வங்கச் சிறுவனும் இராஞ்சிக் குடும்பத்துச் சிறுவனும் மூன்றாண்டுகளாக நம் பிள்ளைகளுடன் பயின்று வருகின்றனர். அவர்களை வெளியே நிறுத்தக் கை தூக்குவோர் தூக்குக; என் கை எழாது.

அம்முதியவர் அன்று எடுத்த சீட்டு சென்னையிலிருந்து பெங்களூருக்கு. பேரனை அங்கே கல்லூரியில் சேர்க்க வேண்டுமாம். "வெங்கடேஷின் ஊரையும் பார்த்ததாகும்" என்றார். கீழ்ப்படுக்கை ஒன்று இருந்தது, எழுதிக் கொடுத்தேன்.