அண்டிரிக் அடிகளாரும் ‘வேணும்’ என்ற சொல்லும்

சென்னை மெரினாக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை உண்டு. போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் உண்டு. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டவை அவை. அவ்வரிசையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520இல் பிறந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்தான் அவர். தமிழில் அண்டிரிக் அடிகளார் என்பர்.

யூத மரபினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவருக்கு முன் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தமிழ் கற்றவரல்லர். பிறர் துணையுடன் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்து ஓதிவந்தார். அதில் ஒரு விபரீதம். ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் வேண்டும் என்று பரதவர் சொல்லிக்கொண்டிருந்தனர்! (பின்னதும் ஒன்றும் மோசமான பிரார்த்தனையன்று என்பது என் எண்ணம்.) 1544இல் சவேரியாரே உடன்பணியாளருக்குக் கடிதம் எழுதி இதைத் திருத்தச் சொன்னார்.

அண்டிரிக் அடிகளாரோ மொழிபெயர்ப்பாளரை விடுத்துத் தாமே பேசக் கற்றார். 1549இல் வேதாளையில் கிரிமினாலி அடிகளார் வடுகப் படையினரால் கொல்லப்பட்டபின் அப்பகுதியின் தலைமைப் பொறுப்பும் இவர்மேல் விழுந்தது. அந்த நெருக்கடிகளுக்கிடையே போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அதில் பதிவானது பண்டிதர் தமிழன்று. மீனவர் பேசிய தமிழ். அவரை நாம் மறந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறுகிறேன்.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லை, ஓலைச்சுவடி வழக்கம் அப்படியே அச்சேறியது. பேரோ லூயிஸ் என்னும் பிராமண இயேசு சபையாரின் உதவியும் அவருக்கிருந்தது. தமிழ் அச்சுப் பணிக்குப் பொருள் தந்தவர்கள் பரதவர்கள். முதல் தமிழ் அச்சு நூலைப் பற்றிப் பேசுவோர் பலரும் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர்.

எங்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகள் பருவம் முடிந்தால் திரும்பிவிடும். இவர் திரும்பவில்லை. 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, இதே சபையின் பிரெஞ்சுப் பாதிரியார் செபாஸ்தியன் ரால் வட அமெரிக்காவில் அபெனாக்கிப் பழங்குடியினரிடையே வாழ்ந்து, 1691இல் அவர்கள் மொழிக்கு அகராதி தொகுக்கத் தொடங்கினார். ஆங்கிலேயக் குடியேறிகளின் படை 1722இல் அச்சுவடியைக் கைப்பற்றியது. 1724இல் அவரையே கொன்றது. அச்சுவடி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. பரதவர் ஓதிய ‘தம்பிரான் வணக்க’த்தின் எஞ்சிய படியைக் காண விரும்புவோரும் அதே நூலகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.