காப்பக நாய்க்கு ஆபரேஷன்... ஜிபே பண்ணும் முன் என்ன கேட்கணும்? முழு விவரம்

பெருங்குடி பக்கம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய மெசேஜ்தான். கால் உடைந்த நாயின் போட்டோ, "ஆபரேஷனுக்கு உதவுங்க" என்று ஒரு வரி, கீழே ஜிபே நம்பர். மனசு கேட்காமல் 200, 500 என அனுப்பிவிடுகிறோம். அந்தப் பணம் எதற்கெல்லாம் செலவாகிறது? அனுப்பும் முன் எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

ஏன் நன்கொடை?

வீட்டு நாய்க்கு அடிபட்டால் வளர்ப்பவர் பில் கட்டுவார். காப்பகத்தில் தத்தெடுப்புக்காகக் காத்திருக்கும் நாய், பூனைக்கு அப்படி யாரும் இல்லை. பெரும்பாலான காப்பகங்கள் நன்கொடையை நம்பியே ஓடுகின்றன.

பெருங்குடிக்கு அடுத்த பறக்கும் ரயில் நிலையமான வேளச்சேரி பகுதியில் இயங்கும் ப்ளூ கிராஸ் இதற்கு உதாரணம். விமானி கேப்டன் வி.சுந்தரம் குடும்பத்தினர் 1959-ல் தொடங்கிய அமைப்பு இது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை ஆபரேஷன் செய்யும் வழியை 1964-லேயே முன்னெடுத்தது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்தான்.

செலவு எதில்?

எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, எலும்பை இணைக்கும் பிளேட் அல்லது ராடு என வரிசையாகச் செலவு. அதோடு முடிவதில்லை. வளர்ந்த நாய்க்கு எலும்பு சேர பொதுவாக 6 முதல் 8 வாரம் ஆகலாம். அதுவரை ஓடவிடாமல் தனிக் கூண்டு, மருந்து, கட்டு மாற்றுவது, மீண்டும் எக்ஸ்ரே என எல்லாம் தேவை. முதல் நாள் போட்டோவுக்கு வரும் பணம் நான்காவது வாரச் செலவுக்கு வருவது கஷ்டம். ஆனால் அந்தக் கவனிப்பு விட்டுப்போனால் பிளேட் தளர்ந்து மறுபடியும் ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

எல்லாவற்றுக்கும் ஆபரேஷனா?

இல்லை. தெருநாய்களுக்கு அதிகம் வரும் டிவிடி என்ற பிறப்புறுப்புக் கட்டி, வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி போட்டாலே பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். அதனால் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பணம் அனுப்பும் முன்...

* தேதியுடன் டாக்டர் எழுதிய எஸ்டிமேட்டும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். பழைய போட்டோ மறுபடி சுற்றலாம்.

* தனிநபர் நம்பரைவிட மருத்துவமனைக்கோ, பதிவு பெற்ற காப்பகத்தின் கணக்குக்கோ நேரடியாக அனுப்புவது நல்லது.

* மிலாப், கெட்டோ போன்ற நிதி திரட்டும் தளங்களில் 'டிப்' தொகை தானாகவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைக்க முடியும்.

* 80ஜி பதிவுள்ள அமைப்பு என்றால் ரசீது வாங்குங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரிச்சலுகை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. தனிநபருக்கு அனுப்பினாலும் கிடையாது.

* வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் கொடுக்க விரும்பினால், அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும்.

* பணம் மீதியானால், அல்லது சிகிச்சை பலன் தராமல் போனால், தொகை எதற்குப் போகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நிதி திரட்டுபவர்கள் கவனத்துக்கு

வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியாரைவிடக் கட்டணம் குறைவு. அங்கே ஒருமுறை விசாரித்துவிட்டு இலக்குத் தொகையை முடிவு பண்ணலாம். பில்லையும், ஆபரேஷனுக்குப் பிந்தைய வீடியோவையும் அதே குரூப்பில் போடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது நம்பிக்கை இருக்கும்.

பணம் இல்லையா?

காயத்தோடு இருக்கும் நாயைத் தத்தெடுக்கப் பலரும் தயங்குவார்கள். குணமாகிவிட்டால் வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஒரு காலை அகற்ற வேண்டி வந்தாலும் பல நாய்கள் மூன்று காலில் நன்றாகவே ஓடும். ஆபரேஷன் முடிந்த நாயை அந்த 6 வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே காலியாகும் கூண்டு, அடிபட்டு வரும் அடுத்த நாய்க்கு இடமாகும்.