புள்ளித்திரளிலிருந்து பரப்பு மீட்டுருவாக்கம்

ஒரு பொருளின் மேற்பரப்பில் அளந்தெடுத்த முப்பரிமாணப் புள்ளிகளைக் கொண்டு அப்பரப்பை முக்கோண வலையாகத் திரும்பக் கட்டும் கணிப்புமுறை. லேசர் ஸ்கேனரும், பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களும் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைத் தருகின்றன. எந்தப் புள்ளிக்கு எது அண்டை, பரப்பின் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்பவை பெரும்பாலும் அத்திரளில் இருப்பதில்லை. ஒரே புள்ளித்தொகுதி வழியாக எண்ணற்ற பரப்புகள் செல்லக்கூடும் என்பதால், இத்துறையின் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒழுங்கற்ற புள்ளிகளுக்கான பொதுத் தீர்வை 1992இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹியூஸ் ஹோப்பும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தனர். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியுள்ள சில அண்டைப் புள்ளிகளுக்குப் பொருந்தும் தொடுதளம் முதலில் கணிக்கப்படும். அத்தளத்தின் செங்கோடு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதே கடினமான கேள்வி. அவர்கள் புள்ளிகளை மீச்சிறு பரவுமரத்தால் இணைத்து, ஒரு புள்ளியின் திசையை அடுத்ததற்குக் கடத்தினர். மெல்லிய தகடுகளிலும் கூர்விளிம்புகளிலும் இது தடுமாறும். ஓரிடத்தில் திசை புரண்டால் அதற்கப்பால் உள்ள பகுதி முழுவதும் புரண்டுவிடும். திசைகள் அமைந்தபின், பரப்பிலிருந்து குறியுடைய தொலைவு கணிக்கப்பட்டு, அது பூச்சியமாகும் இடங்கள் வலையாக எடுக்கப்படுகின்றன. இதற்குப் பயன்படும் 'மார்ச்சிங் கியூப்ஸ்' முறையை லோரன்சனும் கிளைனும் 1987இல் வெளியிட்டிருந்தனர்.

புள்ளிகளையே வலையின் முனைகளாகக் கொள்ளும் முறைகளும் உண்டு. 1999இல் பெர்னார்டினி குழுவினர் அளித்த முறையில், குறித்த ஆரமுள்ள கோளம் புள்ளிகள்மீது உருள்கிறது. அது மூன்று புள்ளிகளில் தங்கும் இடமெல்லாம் ஒரு முக்கோணம். புள்ளிகளின் இடைவெளி மிகப் பெரிதானால் அங்கே துளை எஞ்சும். 1998இல் நீனா அமென்டாவும் மார்ஷல் பெர்னும் டெலோனே முக்கோணமாக்கத்தைக் கொண்டு 'கிரஸ்ட்' முறையை அமைத்தனர். நுண்விவரம் உள்ள இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் சரியான பரப்பு கிடைக்கும் என்பதற்கு நிறுவலும் தந்தனர். ஊகத்தை வெளிப்படையான நிபந்தனையாக்கிய இந்தப் பணி இத்துறையின் பெரும் சாதனை. ஆனால் இரைச்சல் மிகுந்த அளவீட்டில் அந்த நிபந்தனை நிறைவேறுவது அரிது.

இன்று பரவலாகப் பயன்படுவது கஸ்டன், போலித்தோ, ஹோப் ஆகியோரின் 2006ஆம் ஆண்டுப் புவாசோன் முறை. பொருளின் உள்ளே 1, வெளியே 0 எனும் சார்பின் சாய்வாகச் செங்கோடுகளைக் கொண்டு, புவாசோன் சமன்பாட்டைத் தீர்த்துப் பரப்பைப் பெறுகிறது. எல்லாப் புள்ளிகளையும் ஒருசேரக் கருதுவதால் இரைச்சலைத் தாங்கும். விளிம்புகள் மழுங்கும் குறையை 2013இல் வந்த திருத்தம் ஓரளவு குறைத்தது.

இம்முறை அளவீடே இல்லாத இடத்தையும் மூடிவிடுகிறது. எந்திர வடிவமைப்பில் இது வசதி; தொல்பொருள் ஆவணத்தில் ஆபத்து. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை மார்க் லெவாயின் ஸ்டான்ஃபோர்டு குழு 1999இல் ஃபுளோரன்சில் ஸ்கேன் செய்தபோதும், லேசர் எட்டாத மடிப்புகளில் துளைகள் எஞ்சின. அத்தகைய துளைகளை நிரப்பினால், நிரப்பிய பகுதியை வேறு நிறத்தில் காட்டுவதே நேர்மையான ஆவணமுறை. புள்ளியடர்த்தி குறைந்த முக்கோணங்களை வெட்டி நீக்கும் தனிக்கருவி கஸ்டனின் மென்பொருளுடனேயே கிடைக்கிறது.