பூணூல் யாருக்கு, யாரை விலக்கி: தெ நொபிலியின் 1613 அறிக்கையும் சேலம் சமவெளியும்

மதுரையில் பணியாற்றிய சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1613இல் இலத்தீனில் எழுதிய அறிக்கையை, பண்பாட்டையும் சமயத்தையும் பிரித்தறிந்த முன்னோடி ஆவணமாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை சமூக வழக்கங்களே. திருமுழுக்குப் பெற்றவர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. அந்த முடிவில் பிறர் பண்பாட்டை மதிக்கும் மனத்தைக் காண்பதில் பிழையில்லை. ஆனால் அந்த முடிவுக்கு அவர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதை முந்தைய ஆய்வுகள் விரைந்து கடந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

வழி இதுதான். பிராமணர் பூசாரிகள் அல்லர், கற்றோர் என்று நிறுவுவதே அறிக்கையின் முதல் வேலை. அதற்காக இலக்கணம், சோதிடம், 'சிந்தாமணி' என்று பெயர் பெற்ற தர்க்கம் என அவர்களது கல்வித் துறைகளை நொபிலி விரிவாக அடுக்குகிறார். அறிவியல் என்று இன்று நாம் சொல்வதற்கு அன்றைய உலகில் நெருங்கி நின்றவை இவை. அடுத்து மனுவை எடுக்கிறார். பிராமணருக்குப் பருத்தி, அரச குலத்தாருக்குச் சணல், வைசியருக்குக் கம்பளி என்று நூலின் பொருளே வருணத்துக்கு வருணம் மாறுகிறது. ஒன்றையொன்று மறுக்கும் சமயப் பிரிவினரோ ஒரே வகைப் பூணூலை அணிகிறார்கள். எனவே அது தெய்வத்தைச் சுட்டவில்லை, குலத்தையும் தகுதியையும் சுட்டுகிறது என்கிறார். தர்க்கமாகப் பார்த்தால் இதில் ஓட்டை காண்பது எளிதல்ல. மதுரையில் அவருக்கு முன்பிருந்தே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் 1616இல் எழுதிய மறுப்பும் பூணூல் சடங்கோடு பிணைந்தது என்பதைத்தான் வலியுறுத்தியது. குலத்தைச் சுட்டுவது சரியா என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

நான் மாறுபடும் இடம் இதுவே. அக்குவினாஸ் மரபில் வந்த நொபிலி ஒரு செயலை அதன் நோக்கத்தால் அளக்கிறார். இந்தச் சின்னம் யாரை வணங்குகிறது என்று கேட்கிறார்; யாரையும் வணங்கவில்லை என்றதும் விசாரணையை முடித்துவிடுகிறார். அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பது அவருடைய அளவுகோலுக்குள் வருவதேயில்லை. அதாவது, சிலை வழிபாட்டுக் குற்றத்திலிருந்து பூணூலை விடுவிக்க அவர் கண்ட ஒரே வழி, அதைச் சாதிச் சின்னமென்று நிரூபிப்பது. இந்த விலையை அறிக்கை எங்கும் கணக்கில் எழுதவில்லை.

பதினேழாம் நூற்றாண்டு மனிதரிடம் இருபத்தோராம் நூற்றாண்டின் அறத்தை எதிர்பார்க்கலாமா என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட சாசனம் பூணூலையும் குடுமியையும் அனுமதித்த கையோடு, உயர்குலத்தார் தாழ்ந்தோரை இகழக் கூடாது, இறைவார்த்தையைக் கேட்பதிலும் அருட்சாதனங்களைப் பெறுவதிலும் ஒதுக்கக் கூடாது என்றும் மன்றாடுகிறது. அனுமதியைப் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டும் நம் துறை இந்தப் பகுதியை ஏன் அடிக்குறிப்புக்குத் தள்ளியது என்பது தனியே ஆராயத்தக்கது.

நொபிலியின் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்ற நூல் வினைக்கொள்கையை மறுக்கிறதே, அது சாதியை அசைக்கவில்லையா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதை முழுமையாக ஒப்புக்கொள்ள இயலவில்லை. முற்பிறவிப் பயனால் ஒருவர் தாழ்ந்து பிறக்கிறார் என்ற விளக்கத்தை அந்நூல் தகர்க்கிறது. ஆனால் உயர்வும் தாழ்வும் தம் இடத்திலேயே இருக்கின்றன. வினையின் இடத்தில் படைத்தவனின் ஏற்பாடு வந்து அமர்கிறது. காரணம் மாறியது, நிலை மாறவில்லை.

சாசனம் வெளிவந்த அதே 1623இல் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். தாரமங்கலத்தில் கெட்டி முதலியார்கள் செல்வாக்கோடு இருந்த காலம் அது. இன்று தாரமங்கலம், ஜலகண்டாபுரம் என்று தறியோசை கேட்கும் இந்த மேற்குச் சமவெளியில்தான் சேசு சபைக் கடிதங்களில் வரும் மோரமங்கலமும் இருக்கிறது. ஆளும் குடும்பத்துத் திருமங்கல நாயக்கரின் மனமாற்றம் பற்றி நிறைய எழுதியாயிற்று. இதே வட்டாரத்தில் பறையர் மக்களும் திருமுழுக்குப் பெற்றதைப் பற்றிய பேச்சு குறைவு. மதுரைக் கல்விச் சாலைகளை மனத்தில் வைத்து வகுத்த அளவுகோல் இங்கே இடறியது என்பது என் வாசிப்பு. கற்றோரின் துறவியாகத் தோன்றியவர் பறையர் வீட்டு வாசலுக்கு வெளிப்படையாகப் போக முடியவில்லை. போனால் முதலில் வந்தவர்கள் விலகிவிடுவார்கள். ஆகவே இரவிலும் மறைவிலும் சந்திப்புகள் நடந்தன.

1640இல் சேசு சபையின் பல்தசார் தா கோஸ்தா, பூணூல் அணியாதோரிடையே பணியாற்றப் பண்டாரசாமிக் கோலம் பூண்டதைப் பணி விரிவாக்கம் என்று எழுதுகிறார்கள். விரிவாக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பூணூல் அணிந்தோருக்கு ஒரு குரு, அணியாதோருக்கு வேறொரு குரு என்ற ஏற்பாட்டின் விதை 1613 அறிக்கையிலேயே கிடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தகைய வழக்கங்களை அனுமதிப்பது பற்றிய மலபார்ச் சடங்குகள் வழக்கை முடித்துவைத்த 1744ஆம் ஆண்டுச் சாசனத்தில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், பறையருக்கென்று தனிக் குருக்களை அமர்த்தும் சேசு சபையின் யோசனையை ஏற்றுக்கொண்டார். 1623இல் உரோமை வைத்த மன்றாட்டுக்கு நூற்று இருபத்தொரு ஆண்டுகள் கழித்து உரோமையே ஒப்பிய விடை அது.